மறுத்துப் பேச ஒரு வகுப்பு

பாஷை சொல்லிக்கொடுக்கிற உங்களுக்குத் தெரியாததா, பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பதற்குள் நம் தொண்டைத் தண்ணி வற்றிவிடும்.

நான் தக்கலையில் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். நம்ம பிள்ளைகளுக்கு இலக்கணமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மனப்பாடம் பண்ணி ஊதித் தள்ளிவிடுவார்கள். பேசச் சொன்னால்தான், சவம், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

எதைக் கேட்டாலும் ஆமாம்

ஷைனி கடற்கரை ஊர்க்காரி, இரணியலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மன் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கேட்டல் எல்லாம் பாஸ். பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை துபாயில். கட்டிக்கொண்டால் வேலைக்குப் போகக் கூடாதாம். ஷைனிக்கு ஜெர்மனிக்குப் போகத்தான் உயிர். என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

எங்கே சறுக்குகிறாள் என்று பார்க்க ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடிவுக்கு வர வேண்டும். நடுவில் மறுத்துப் பேசினால்தான் மார்க். எதிரே இருந்தவள் சொன்னதற்கெல்லாம் ஷைனி "யா, யா" என்று தலையாட்டினாள். ஜெர்மனில் அது 'ஆமாம், ஆமாம்'. அத்தோடு பேச்சு முடிந்தது. "ஏட்டி, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லுகியா?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "டாக்டர் முன்னால நின்னு பழகிப்போச்சு டீச்சர். யெஸ் சார் தவிர வாயில ஒண்ணும் வராது."

முதலில் என்னோடு சண்டை

நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே? போர்டில் பெரிதாக எழுதினேன்: வேண்டாம் என்று சொல், காரணம் சொல், வேறு வழி சொல். மறுநாளிலிருந்து நான் கிறுக்குத்தனமான யோசனைகளாகச் சொல்வேன், பிள்ளைகள் மறுக்க வேண்டும். என்னோடு ஒத்துப்போகிறவளுக்கு அன்றைக்கு டீ கிடையாது. பயப்படுகிறவர்களைத் தட்டிக்கொடுப்பதைவிட உசுப்பிவிடுவது சீக்கிரம் பலிக்கும், கேட்டியளா. அருமனையிலிருந்து வருகிற பின்ஸியிடம், "கொட்டுகிற மழையில் ரப்பர் பால் வெட்டப் போவோமா?" என்று ஜெர்மனில் கேட்டேன். மழைத் தண்ணி கலந்து பாலெல்லாம் வீணாகிவிடும் என்று ஜெர்மனில் நன்றாகவே மறுத்தாள். முடித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "எங்கப்பா மட்டும் இதக் கேட்டிருந்தா ஒங்கள ஓடவிட்டு அடிச்சிருப்பாரு டீச்சர்."

ஷைனி அன்றும் சிரித்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

தேங்காய் இல்லாத மீன்குழம்பு

எனக்கும் பிடிவாதம் உண்டு. எதற்குத்தான் இவளுக்குக் கோபம் வரும் என்று யோசித்து, ஒரு நாள் அவள் முகத்தைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன்: "இனிமேல் மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் போதும்."

"நைன்!" என்று எழுந்தே விட்டாள். 'இல்லை, கூடாது' என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை. அப்புறம் பிடிக்கவே முடியவில்லை. தேங்காய் ஏன் வேண்டும், அதை எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும், மீனை எப்போது போட வேண்டும் என்று கொட்டினாள். புளிக்கு வார்த்தை தெரியாமல் கையால் கரைத்தே காட்டினாள். தப்பு ஏகப்பட்டது. நான் ஒன்றையும் திருத்தவில்லை. பேச்சு ஓடுகிறபோது குறுக்கே விழுகிற வாத்தியார் வேலை எனக்கு ஆகாது, தப்பை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தேகத்தோடு தமிழில் கேட்டாள்: "நெசமாட்டா டீச்சர்? தேங்கா அரைக்காமயா ஒங்க வீட்டுல கொழம்பு வைப்பிய?"

திருவனந்தபுரத்தில் தேர்வு

மூன்றாவது தடவை. எல்லாரும் ஜெபம் பண்ணினார்கள். நான் பண்ணவில்லை, இவள் பாஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ரிசல்ட் வருகிற வரைக்கும் சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம். ஷைனி நல்ல மார்க்கில் பாஸ். போனில் அவள் குரலே மாறியிருந்தது: "டீச்சர், எங்கூட பேசுன பையன்தான் பாவம். கடைசி வரைக்கும் அவன ஒண்ணும் தீர்மானிக்க விடல்ல!"

ஷைனி அம்மாவின் போன்

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்களாம். "பாஸானது சந்தோஷம், சர்டிபிகேட் பத்திரமா இருக்கட்டும், கல்யாணத்த முடிச்சிருவோம்" என்றார்களாம். அப்பாவும் சரி என்று தலையாட்டப் போனார். டீத் தட்டோடு நின்ற ஷைனி அங்கேயே சொல்லிவிட்டாள். கல்யாணம் இப்போது வேண்டாம். பாஸானால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த ஜெர்மனி ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகிவிட்டது, போகத்தான் போகிறேன். மாப்பிள்ளைக்கு இஷ்டம் என்றால் அங்கே வேலை தேடிக்கொண்டு வரட்டும், இல்லையென்றால் வேறு பெண் பார்க்கட்டும்.

வந்தவர்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே கடைக்குப் போய் அவளுக்குப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். இதையெல்லாம் எனக்குப் போனில் சொன்னது ஷைனியின் அம்மா. அந்தக் குரலில் கோபமும் இருந்தது, அடக்க முடியாத சிரிப்பும் இருந்தது. "டீச்சர், ஜெர்மன் சொல்லித் தாரேன்னுதான சொன்னிய? இவ தமிழ்லயும்லா எதுத்துப் பேசுகா!"

வாயைத் திறந்துவிடுவது வரைக்கும்தான் நம்ம வேலை, யார் வீட்டில் போய் அது திறக்கும் என்பதற்கு நாம் பொறுப்பில்லை.