முதல் இரண்டு பாடமும் கடலில்

போன ஜூன் மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கிளம்பிவிட்டிருந்த நேரத்தில், நெடுந்தீவுக்குப் போய்வந்தேன். குதிரை பார்க்கவோ பெருக்குமரத்துக்கு முன்னால் நின்று படமெடுக்கவோ போகவில்லை. அதற்காக இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் கீழே இறங்கிப் பேருந்து, படகு விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம், கோபிக்க மாட்டேன். நான் போனது, ஒரு பள்ளிக்கூடத்து நேர அட்டவணையில் ஒரேயொரு பாடத்தை இடம் மாற்றக் கேட்கும் கூட்டம் ஒன்றுக்கு.

என்னுடைய வேலை, பெற்றோர் சங்கங்களுக்கு முன்மொழிவு எழுதப் பழக்குவது. வகுப்பில் இரண்டு விஷயம்தான் சொல்லுவேன். என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். ஏன் வேண்டும் என்பதைக் கதையாகச் சொல்லுங்கள். புள்ளிவிவரத்துக்கு அதிகாரிகள் தலையாட்டுவார்கள், ஒரு பிள்ளையைக் கண்முன் கொண்டுவந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். இதை நான் பல வருடங்களாக நம்பியும் வந்தேன், சொல்லிக் காசும் வாங்கியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நடந்த அப்படியொரு வகுப்புக்கு நெடுந்தீவிலிருந்து வந்தவர் சசிகலா. மாடு வளர்த்துப் பால் விற்கிறவர். மகள் அபிராமி பதினோராம் ஆண்டு. வருகிற சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் அவளுக்கு உயர்தர வகுப்பு இல்லை. சசிகலா சொன்ன பிரச்சினை அவ்வளவு எளிமையாக இருந்ததால், நான்தான் எதையோ தவறவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறையும் சொல்ல வைத்தேன்.

காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று கணிதத்தை முதல் இரண்டு பாடமாகப் போடுவது எங்கள் பள்ளிக்கூடங்களின் பழக்கம். அந்தப் பள்ளியிலும் அப்படித்தான். ஏழரைக்கு மணி அடிக்கும். கணித ஆசிரியையோ சுன்னாகத்திலிருந்து பேருந்தும் படகும் பிடித்து ஒன்பதரைக்கு வந்து சேருவார். அதற்குள் கணிதம் முடிந்துவிடும். நாலாவது, ஐந்தாவது பாடம் சமயம். அதைப் படிப்பிக்கிறவர் ஊர்க்காரி, காலை ஏழுக்கே வந்து நிற்பார். இரண்டையும் மாற்றிப் போட்டால் காரியம் முடிந்தது. ஒரு சதம் செலவில்லை. ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் மாற்றப் பள்ளி அதிபருக்குப் பயம்.

அதனால்தான் கூட்டம். முன்மொழிவு ஆறே வரி. நான் எழுதப் பழக்கியவற்றில் அதைவிடத் தெளிவானது ஒன்றும் கிடையாது.

காலை ஆறுக்கு யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் குறிகட்டுவான் பேருந்தில் ஏறினேன். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். மண்டைதீவுச் சந்தியில் மீன்பெட்டிகளோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மண்கும்பான், வேலணை, பிறகு மறுபடி கடலுக்கு நடுவே ஓடும் நீண்ட தாம்போதிப் பாதை, அதன் அந்தப் பக்கம் புங்குடுதீவு. மடத்துவெளி தாண்டும்போது பூட்டிய பெரிய வீடுகள் வரிசையாக வந்தன, வெளிநாட்டுக்குப் போனவர்களுடையவை. ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம், இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வழி நெடுக சேலை கட்டிய ஆசிரியைகள் ஏறினார்கள். ஒருத்தர் நெற்றியைச் சன்னலில் சாய்த்து நன்றாகத் தூங்கினார்.

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்குக் கோயில் சனம் நெரிந்துகொண்டு நின்றது. எங்கள் படகு எட்டு மணிக்கு. ஆசிரியைகள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார்கள், சேலையின் கொய்யக மடிப்புக்கு ஊசி குத்தினார்கள், மேலுக்கு ஒரு பொலித்தீன் விரிப்பைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தட்டில் இறங்கினார்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லாம் நடந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் கணித ஆசிரியை. பெயர் வேண்டாம். முப்பது வயதிருக்கும்.

"எத்தனைக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அஞ்சுக்கு, அக்கா. பிள்ளை நித்திரையாலை எழும்ப முதல் வந்திடோணும், கண்டால் விடமாட்டான்." விரிப்பை என் பக்கமும் இழுத்துவிட்டார். "மணி எட்டானா நான் மணிக்கூட்டைப் பாக்கிறேல்லை. அங்கை பிள்ளையள் சும்மா இருக்கினம் எண்ட நினைப்பு வந்திடும்."

எதிர்ப்பக்கத்தில் ஒரு கனவான் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அலையடிக்கும்போதெல்லாம் தன் கோப்புக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் கூட்டத்துக்கு வருகிற கல்வி அதிகாரி. ஆசிரியை எழுந்து வணக்கம் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார். மணி எட்டு இருபது. பள்ளிக்கூட வரவுப் பதிவின்படி ஆசிரியை அப்போது வகுப்பில் இரண்டாம் பாடம் நடத்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்பது மணி தாண்டி நெடுந்தீவில் இறங்கினோம். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டோவில் பத்து நிமிடம், இருபுறமும் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், அடுக்கிய வேலிகள். மண்டபத்தில் நாற்பது பெற்றோர் வரை இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது, வரவேற்புரை வந்தது, பிறகு சசிகலா எழும்பினார்.

எழுதிக்கொண்டு வந்த தாளை அவர் பார்க்கவேயில்லை. "நான் விடிய பால் குடுத்துப்போட்டு இந்தப் பள்ளிக்கூட ரோட்டாலைதான் வீட்டை போறனான், சேர். எட்டு மணிக்கு உள்ளை வாய்ப்பாடு சொல்லுற சத்தம் கேக்கும். ஏழொண்டு ஏழு, ஈரேழு பதினாலு. சின்னப் பிள்ளையள் எண்டுதான் கனநாளா நினைச்சனான். ஒருநாள் எட்டிப் பாத்தா, என்ர மகளின்ர வகுப்பு. பதினோராம் ஆண்டு. 'ஏன் பிள்ளை வாய்ப்பாடு சொல்லுறியள்?' எண்டு கேட்டன். 'ரீச்சர் இல்லாமச் செய்யக்கூடிய கணக்கு எங்களுக்கு அது மட்டுந்தான் அம்மா தெரியும்' எண்டாள்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பின்வரிசையில் இருந்து, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அவ்வளவு மண்டு நான்.

"அம்மா, நல்லாக் கதைச்சீங்கள். என்ர மனசைத் தொட்டிட்டுது," என்றார் அதிகாரி. பிறகு சசிகலாவின் தாளை வாங்கி ஆறு வரியையும் வாசித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். கணித ஆசிரியை ஒன்பதரைக்கே வந்து சேருகிறார் என்ற வரி அது.

"இது மட்டும் எழுத்தில வரேலாது. ரீச்சர் ஏழரைக்கு வாறா எண்டுதான் பதிவில இருக்கு."

"சேர்," என்றார் சசிகலா, "நீங்களும் அவவும் ஒரே படகிலதானே வந்தனீங்கள்?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், நல்ல மனுசன்தான். "ஓம் அம்மா. அது வேற. உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா எழுத்தில வந்தா மேல கொண்டுபோக வேணும், அவவிட்டை விளக்கம் கேக்க வேணும். அந்த வசனத்தை வெட்டிப்போட்டுத் தாங்கோ, கதைப்பம்." தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதை வெட்டினா, ஏன் மாத்தோணும் எண்டு கேப்பினமே சேர். என்ன சொல்லுறது?"

"நீங்கள் இப்ப சொன்ன கதையைச் சொல்லுங்கோவன்."

சசிகலா திரும்பி என்னைப் பார்த்தார். உண்மையை மறைத்து எழுதாதீர்கள் என்று வகுப்பில் பழக்கியவள் நான்தானே. மெல்லத் தலையாட்டினேன். அவர் வெட்டவில்லை, தாளை அப்படியே கையில் கொடுத்தார். அதிகாரி பெருமூச்சோடு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். மண்டபத்துச் சுவரோரம் கணித ஆசிரியை நின்றிருந்தார். நானும் சசிகலாவும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கதை என்றால் கதையும்தான், பேச்சும்தான். கதைப்போம் என்று சொன்னால், பேசி முடிவெடுப்போம் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். அது பேசுவதோடு முடியும் என்பது எங்களுக்குத் தெரியும். அன்று நான் அதைக்கூட மறந்துவிட்டேன்.

இனி, பயணம் போகிறவர்களுக்கு. படகு நேரங்கள் மாறும், முதல்நாளே குறிகட்டுவானில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். நான் ஏறிய படகில் நூறு ரூபாய் வாங்கினார்கள். தீவைச் சுற்றிப் பார்க்க ஓட்டோ அண்ணை மூவாயிரம் கேட்டார், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒத்துக்கொண்டார். திரும்பும் படகு மதியம் இரண்டரைக்கு. அதைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான். சோளகத்திலும் மாரி மழைக்காலத்திலும் படகு ஓடாத நாள்களும் உண்டு. தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கும் வழக்கம்போல ஏதாவது சொல்ல வேண்டும். தெளிவாக எழுதுங்கள் என்று இனி எந்த வாயால் சொல்வது? தெளிவாக எழுதிய ஒரு வரிதான் எங்களுக்கு வினையாக வந்தது. மங்கலாக எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, அவ்வளவுதான். அந்த ஒன்றும் நடக்காமை எவ்வளவு மேல் என்று இப்போது படுகிறது.

ஓகஸ்ட்டில் சசிகலா தொலைபேசியில் கூப்பிட்டார். விளக்கம் கேட்டு ஆசிரியைக்குக் கடிதம் வந்ததாம். அவர் பதில் எழுதாமல் இடமாற்றம் கேட்டாராம், அது உடனேயே கிடைத்துவிட்டதாம். வேறு ஒருவரும் இன்னும் வரவில்லை. நேர அட்டவணையில் கணிதம் முதல் இரண்டு பாடமாகவே இருக்கிறது. வேறொரு மாவட்டத்தில் நடக்கும் கல்வி விழாவில் அதே கதையைச் சொல்லச் சசிகலாவைக் கேட்டிருக்கிறார்களாம், போக வர வாகனமும் தருவார்களாம்.

"போகப் போறீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. கணக்கு ரீச்சர் ஒராள் வேணும் எண்டு இன்னொருக்கா எழுதலாமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"எழுதலாம் சசிகலா. கட்டாயம் எழுதலாம்."

"என்னெண்டு எழுதுறது அக்கா? இருந்த ரீச்சரை அனுப்பினது நாங்கள்தானே."