இடது பெருவிரல்

ஏலத்தோட்ட முதலாளியிடம் குமாஸ்தாவாக இருந்தபோதுதான் அந்தக் கன்னியாஸ்திரியைப் பார்த்தேன். போடியில் லேபர் ஆபீசர் முன் விசாரணை. முதலாளி வேலையைவிட்டு விரட்டிய பேச்சிக்காக வாதாட வந்திருந்தார். வெள்ளை அங்கி, ஒட்டுப்போட்ட குடை, எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்து மேலாகப் படிக்கிற விநோதப் பழக்கம்.

"சிஸ்டருக்கு செபம் சொல்ற சோலி இல்லையாக்கும்" என்று முதலாளி சிரித்தார். சம்பளம் வாங்குகிறவன் சிரிக்காமல் இருக்க முடியுமா? நானும் சிரித்தேன்.

பேச்சி தானாகவே விலகிக்கொண்டதாக எழுதி, என் விரலையே ஒற்றி நான் தயாரித்த கடிதத்தை நீட்டினேன். சிஸ்டர் வாங்கி முதலில் கடிதத்தின் அடியைப் பார்த்தார். வழக்கம்போல 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுதியிருந்தேன்.

"பேச்சி, இடது கையைத் தூக்கிக் காட்டு ஆத்தா."

காட்டினாள். அந்தக் கையில் பெருவிரலே இல்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பத்து வருசமா உங்களுக்குக் காய் பறிச்ச கை. ஒருநாள்கூடப் பாக்கலையா?"

பேச்சிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஜீப்பில் ஏறியதும் முதலாளி என்மேல் பாய்ந்தார். "வலதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்லடா!"

விரல் எப்படிப் போனதென்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த சிஸ்டர் மட்டும்தான் கேட்டிருப்பார்.