மஞ்சள் டேப்புக்குப் பின்னால்

தேவியின் பேனலை அறுத்துவிடலாம் என்று முடிவான காலை அது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்தாள்.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தெர்மோகிராஃபி வேலை. பொருளை உடைக்காமல் உள்ளே பார்ப்பது. விளக்கால் சூடாக்கி, அது ஆறுவதை வெப்பக் கேமராவில் கவனிப்போம். உள்ளே ஒட்டு விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

தேவி முனைவர் பட்ட மாணவி. கார்பன் ஃபைபர் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய அந்தப் பேனல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. இன்னொன்று செய்வதற்குள் உபகாரச் சம்பளம் முடிந்துவிடும். சென்சார் ஒட்ட வேண்டும் என்பதற்காக, வழக்கமாகப் பூசும் கறுப்புப் பெயிண்டைப் பூசாமல் விட்டிருந்தோம்.

ஸ்கேனில் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை மங்கலான வெள்ளைத் திட்டு. மறுநாளும் அதே இடம், அதே அளவு. எங்கள் வேலையில் திரும்பவும் அப்படியே வந்தால் நம்பிவிடுவோம்.

"இவ்ளோ பெருசா ஒட்டு விட்டிருக்கு. லோட் டெஸ்ட் போட முடியாதும்மா, அறுத்துப் பாத்துருவோம்," என்றார் அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் ரவி.

தேவி என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இன்னொரு ஸ்கேன் மட்டும். ப்ளீஸ் லா."

"பாத்த படத்தையே எத்தன தடவ பாப்ப?" என்று அலுத்துக்கொண்டே விளக்கைப் போட்டேன். கேமராவுக்குப் பக்கத்தில், தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்குப் பின்னால்தான் எப்போதும் நிற்பேன். அன்று முழங்கால் வலி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் திட்டும் கீழே இறங்கியது.

எழுந்தேன். அதுவும் எழுந்தது.

"அங்கிள், கைய தூக்குங்க," என்றாள் தேவி. தூக்கினேன். பக்கத்தில் இன்னொரு திட்டு முளைத்தது.

பளபளத்த அலுமினியத்தில் பிரதிபலித்த என் உடம்புச் சூடு அது. நான் ஒழுங்காக ஒரே இடத்தில் நின்றதால், அதுவும் ஒழுங்காக ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. டாக்டர் ரவி சிரித்தார். தேவிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சென்சார் இடங்களை மட்டும் மறைத்துவிட்டு, பிரதிபலிக்காதபடி கறுப்புப் பெயிண்ட் அடித்து மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தோம். பேனலில் ஒரு குறையும் இல்லை.

தேவியின் ஆய்வேட்டில், நான் திட்டாக விழுந்த அந்தப் படமும் இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழுது என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். அதுவும் கூடவே நகர்ந்தால், ரம்பத்தைக் கீழே வையுங்கள்.