வெறும் அட்டைப் புகைதானே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம். எங்கள் வீடு விருதுநகரில். என் கணவர் சிவகாசி ரோட்டில் பட்டாசுக்கான அட்டைப்பெட்டி செய்யும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். அன்று அங்கே கழிவு அட்டை போட்டு வைத்திருந்த அறையில் தீப்பிடித்துவிட்டது. வேலையாட்களை வெளியே அனுப்பிய பிறகும், யாராவது உள்ளே விடுபட்டிருக்கிறார்களா என்று அந்தப் புகைக்குள்ளேயே தேடிவிட்டுத்தான் இவர் வந்திருக்கிறார். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மருந்து ஏதும் இல்லேல்ல?" எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. இல்லை என்றதும் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது.

"அப்ப என்ன மச்சான், வெறும் அட்டைப் புகைதானே! வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்னுட்டுப் படுங்க" என்றான் என் தம்பி. தூசியோ புகையோ, இங்கே அதுதான் வைத்தியம். நானும் பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு. எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி நான். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷினைத் தேடி எடுத்து மாட்டினேன். தொண்ணூற்றெட்டு காட்டியது.

"பாத்தியா, ஒன் மெஷினே சொல்லிருச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. கணீரென்று பேசுகிறவருக்குத் தொண்டை கரகரத்தது. தலை வேறு வலிக்கிறதாம். செல்போன் டார்ச்சை அடித்து மூக்குக்குள் பார்த்தேன், ஒரே கரி. துப்பச் சொன்னேன், எச்சிலும் கறுப்பு. மெஷினை நம்புவதா, மூக்கை நம்புவதா?

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். எடுத்த பெண் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூடின அறையா, குரல் மாறியிருக்கிறதா என்றுதான் கேட்டார். ஆமாம் என்றதும், "மெஷின் நம்பர நம்பாதீக. சாப்பிட எதுவும் கொடுக்காதீக. காத்தோட்டமா உக்கார வைங்க, வண்டி வருது" என்றார்.

லோடு ஏற்றுகிற நேரத்தில் ஆஸ்பத்திரியா என்று இவர் முறைத்தார். வண்டியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "நாம எங்கன போறோம்?" என்று என்னையே கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தப் பயத்திலும் வாயை அடக்க முடியாமல் டாக்டரிடம் கேட்டேவிட்டேன், மெஷின் ஏன் பொய் சொன்னது என்று. எது எரிந்தாலும் புகையில் ஒரு விஷவாயு இருக்குமாம். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் ரத்தத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அந்த மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். தொண்டை வீங்குவதும் பல மணி நேரம் கழித்து நடக்கலாம், படுத்துத் தூங்கியிருந்தால் கஷ்டம்தான் என்றார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மூன்றாம் நாள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். இப்போதும் தெரிந்தவர்கள் யாராவது புகைக்குள் போய் வந்தால், மருந்தா அட்டையா என்று கேட்காமல் டார்ச்சோடு போய் நிற்கிறேன். "மூக்கக் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க, இவ விடமாட்டா" என்று பின்னாலிருந்து இவர் சொல்வார். கொஞ்சம் கரகரப்பு மிச்சமிருக்கும் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், அன்று அந்தத் தொண்ணூற்றெட்டை நம்பி இவரைப் படுக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.