நூற்றில் பதிமூன்று பேர்

இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அந்த மனிதரைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சேஃப்டி’ என்றால்தான் தெரியும். லிஃப்டின் கூரைமேல் ஏறுவதற்கு முன் ஸ்டாப் சுவிட்சை மூன்று தடவை அழுத்திப் பார்ப்பார். பிரேக் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், லிஃப்டைப் பூட்டி எட்டாவது மாடிக்காரரையும் படியேற வைத்துவிடுவார். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் ஏழாவது ஆள் காலை வைத்தால், “போர்டு எதுக்கு மாட்டியிருக்கு, அழகுக்கா?” என்பார்.

இந்த ஜாக்கிரதையெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

அவர் மனைவிக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். மூத்த பெண்ணை இருவரும் ஆசைப்பட்டுத்தான் பெற்றார்கள். அடுத்ததற்கு ஐந்து வருடம் போகட்டும் என்று மனைவி சொன்னாள்.

“அத என்கிட்ட விடு” என்றார்.

“என்ன பண்ணப்போறீங்க?”

“கரெக்டான நேரத்துல நிறுத்திடுவேன். பிரேக்தான என் தொழிலே.”

அந்தத் தொழில்திறமை ஏழு மாதம் தாங்கியது. எட்டாம் மாதம், ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தவள் குமட்டலில் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பரிசோதனை முடிவைப் பார்த்த சேஃப்டி, “இது எப்படி ஆச்சு?” என்று அவளையே கேட்டார். அவள் தனியாகப் போய்ச் செய்துவிட்டு வந்த காரியம் போல.

பையன் பிறந்தான். இனி விஞ்ஞானம்தான் என்று முடிவெடுத்து ஆணுறை வாங்கிவந்தார். தொண்ணூற்றெட்டு சதவீதம் நம்பகமானது என்று பெட்டியில் போட்டிருந்ததை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். உள்ளே இருந்த செய்முறைத் தாளை வாசிக்கவில்லை. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அண்டை கொடுத்தார். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினார். சில நாட்களில், கீழே இறங்கிப் போய் எடுத்துவரச் சோம்பல். “ஒரு நாள்தான, ஒண்ணும் ஆகாது” என்பார். எல்லோரும் படியேறட்டும் என்று லிஃப்டைப் பூட்டும் அதே வாய்தான் இது.

பதினான்கு மாதத்தில் மூன்றாவது குழந்தை வயிற்றில் வந்தது.

பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து, குழந்தையோடு இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். சேஃப்டி காலிப் பெட்டியை நர்ஸின் மேஜைமேல் வைத்தார். அன்று அவர் புகார்தாரர்.

“பெட்டியில போட்டிருக்கறது பொய். கம்பெனி மேல கேஸ் போடலாமா, சொல்லுங்க.”

நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவர். இந்தப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. “ஒவ்வொரு தடவையும் போட்டீங்களா சார்?”

“பெரும்பாலும்.”

“எங்க வெச்சிருந்தீங்க?”

“ஸ்கூட்டர் டிக்கியில.”

“வெயில்லயா?”

“ஸ்கூட்டர் வெயில்லதான நிக்கும்?”

“கூட எண்ணெய், க்ரீம் ஏதாவது?”

சேஃப்டி கூரையைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள். “தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.”

“ரப்பர்ல எண்ணெய் பட்டா என்ன ஆகும் சார்? நீங்க மெக்கானிக்கு.”

ரப்பர் வாஷரில் எண்ணெய் விட்டதற்காக, போன வாரம்தான் ஒரு சக மெக்கானிக்கை எல்லோர் முன்னாலும் கிழித்திருந்தார். “ஊறிப்போயிடும்” என்றார், மெதுவாக. “அப்புறம் கிழியும்.”

“தொண்ணூத்தெட்டுங்கறது ஒரு தடவைகூட விடாம, முறையாப் போடறவங்களுக்கு. சாதாரணமா வீடுகள்ல நடக்கறது வேற. வருஷத்துக்கு நூறு பேர்ல பதிமூணு பேருக்குக் குழந்தை தங்கிடுது. கடைசி நேரத்துல நிறுத்தற வித்தைன்னா இருபது பேரு.”

“அந்தப் பதிமூணு பேருக்கும் இதே மாதிரி புருஷன் வாய்ச்சிருப்பாரு” என்றாள் மனைவி.

சேஃப்டி விடவில்லை. மாத்திரை வாங்கலாம், தினமும் தான் ஞாபகப்படுத்துகிறேன் என்றார். மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இரண்டு முறை மறந்த மனிதர் அவர். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாத மாதிரி ஏதாவது இருக்கா சிஸ்டர்?”

“காப்பர் டி இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வெக்கறது. வருஷத்துக்கு நூறு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தங்காது. இல்ல, சாருக்குச் சின்ன ஆபரேஷன். கால் மணி நேர வேலை.”

சேஃப்டிக்கு உடனே ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அவள் அன்றே காப்பர் டி போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் அடிவயிறு இழுத்தது. சில மாதம் தீட்டு அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு அதை அவள் நினைக்கக்கூட இல்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. சலவைக்கூடத்தில் அவள் இப்போது மேற்பார்வையாளர். வீட்டில் நாலாவது தொட்டிலுக்கு வேலை வரவில்லை.

அந்தப் பெருமையைச் சேஃப்டி எடுத்துக்கொண்டார். கம்பெனியில் யாருக்காவது கல்யாணம் ஆனால் டீக்கடைக்கு அழைத்துப் போய், “எல்லாம் மனக் கட்டுப்பாடு. என்னப் பாரு, ஆறு வருஷம்” என்று வகுப்பு எடுப்பார். அப்படிப் பாடம் கேட்ட ஒருவரின் புது மனைவி, போன மாதம் சேஃப்டியின் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அக்கா, சார் என்னமோ கட்டுப்பாடுன்னு சொன்னாராம். அது என்னக்கா?”

“அது ஒண்ணுமில்லம்மா, அவர் பேசிட்டுப் போகட்டும். கிளினிக் அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோ. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போ, கூட்டம் இருக்காது. நீயே போ.”