ஸ்டீபனின் நீல நகங்கள்

ஸ்டீபனின் விரல் நகங்கள் நீலமாக இருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான். "இன்னாடா, மயில்கழுத்து கலரை நூலுக்குப் போடச் சொன்னா நகத்துக்குப் போட்டுகினு வந்துக்கிற?" என்றேன். அவனும் சிரித்தான்.

ஆரணியில் என் சாயப்பட்டறையில்தான் அவனுக்கு வேலை. பட்டு நூலை நாள் முழுக்கத் தொட்டியில் முக்கி எடுப்பவனின் கை நீலமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? எங்கள் ஊரில் இதற்காக யாரும் டாக்டரிடம் போவதில்லை. அந்தச் சிரிப்பு ஆறேழு மாதம் ஓடியது.

வீட்டில் இதய நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு முறை தும்மினால் யாருக்கு என்ன எழுதிவைப்பது என்று யோசிக்கிற ஆள். என் பயத்தைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஸ்டீபனும் சிரிப்பான்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மெட்டல் இசை வாசித்த ஒரே பேஸ் கிட்டார்காரன் அவன்; பாட்டுக்கு அடியில் ஆழ்ந்த சுருதியில் ஓடுகிற கிட்டார் அது. சர்ச்சில் ஞானப்பாட்டுகளுக்கு வாசித்துப் பழகிய கை, கல்லூரிக்குப் போனதும் காது கிழிகிற பாட்டுக்கு மாறியது. நாங்கள் நான்கு பேர். நான் டிரம்ஸ். மேடை ஏறினால் எனக்குப் பயம், தாளம் ஓட்டமெடுக்கும். ஸ்டீபன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தடித்த தந்தியை நிதானமாக மீட்டி என்னை இழுத்து நிறுத்துவான்.

சென்னை, பெங்களூர் என்று கல்லூரி விழாக்களில் வாசித்தோம். ஒரு கேசட்கூடப் போட்டோம். அதில் கிட்டார் கேட்கும், என் அடி கேட்கும், பேஸ் மட்டும் கேட்காது.

"மச்சான், இதுல நீ இல்லவே இல்லியேடா!"

"நான் நிறுத்திட்டாதான் தெரியும், போடா."

குழு கலைந்த பிறகு நான் அப்பாவின் பட்டறைக்கு வந்தேன். சில வருடம் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துச் சலித்துப்போய் அவனும் வந்து சேர்ந்தான். முடியை வெட்டிக்கொண்டான், கறுப்பு பூட்ஸை மட்டும் விடவில்லை. சித்திரை வெயிலிலும் அதுதான். அவன் காலை நான் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது.

பிறகு நூல்கட்டோடு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவன் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். "அண்ணா, மூணு தலகாணி வெச்சாதான் அவருக்குத் தூக்கம் வருது. பூட்ஸும் டைட்டா இருக்குதுன்றாரு" என்றாள். "வயசாயிடுச்சிமா, வேற பூட்ஸ் வாங்கிக் குடு" என்றேன். மருத்துவத்தில் என் பங்களிப்பு அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை தொட்டிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டான். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் முதலில் விரல்களைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "அது சாயம் டாக்டர், பயப்படாதீங்க" என்றேன். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். வரவில்லை. நர்ஸ் கயிற்றை வெட்டித்தான் எடுத்தார். கால் வீங்கிப் பளபளத்தது. பத்து நகங்களும் கைநகத்தைப் போலவே நீலம்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "காலாலயும் சாயம் போடுவீங்களா?"

நான் குனிந்து, வெட்டுப்பட்ட பூட்ஸை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். 

எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். கார்டியோமயோபதி (இதயத் தசை தளர்ந்து, பெருத்து, இரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது) என்றார்கள். நீலத்துக்கு சயனோசிஸ் (உடம்பின் ஓரங்களுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராததால் வரும் நிறம்) என்று பெயர். நான் அதற்கு வைத்த பெயர் மயில்கழுத்து.

உப்பைக் குறைத்தார்கள், தண்ணீரை அளந்தார்கள், நீர் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஒன்றரை வருடம் கிடைத்தது. பூட்ஸ் போடக் கூடாது என்றதற்குத்தான் அதிகம் முறைத்தான். கடைசிக் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பாட்டு வாசித்தான், வெறுங்காலோடு. அடுத்த மழைக்காலத்துக்கு அவன் இல்லை.

அவன் போய் மூன்று மாதம் இருக்கும். பட்டறையில் வேலை நடுவே என் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம். உடனே மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. "ஜல்தியா போப்பா" என்று ஆட்டோவை விரட்டி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, எனக்கும் ஸ்டீபனுக்கு வந்ததே வந்துவிட்டது என்று சொன்னேன். போகிற வழியில் மனைவியிடம் பீரோ சாவி இருக்கும் இடத்தைக்கூட போனில் சொல்லிவிட்டேன்.

நர்ஸம்மா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து என் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். பஞ்சு நீலமானது. நகம் வெளுத்தது.

"உங்க வியாதி பஞ்சுல வந்துடுச்சி சார். எழுந்து வூட்டுக்குப் போங்க."

வார்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கட்டிலைவிட்டு இறங்கினேன். வாசலுக்கு வந்ததும் நின்று, வெளுத்த கட்டைவிரலைப் பார்த்தேன். ஒரு துண்டுப் பஞ்சு. பத்து விநாடிகூட ஆகவில்லை. அந்த ஆறேழு மாதத்தில் ஒரே ஒரு நாள், கேலிக்காகவாவது, அவன் விரலை நான் துடைத்துப் பார்த்திருக்கலாம்.

அப்படித் துடைத்துப் பார்த்து முன்பே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பிறகு வேலூர் டாக்டரிடம் கேட்டே விட்டேன். "முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் கிடைச்சிருக்கலாம். எவ்வளவுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்றார். அந்தக் 'கொஞ்ச கால'த்தோடுதான் இப்போது குடியிருக்கிறேன். சில நாள் அது ஒரு வாரம் மாதிரி இருக்கும், சில நாள் பத்து வருஷம் மாதிரி.

பட்டறையில் இப்போது ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருக்கின்றன. வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரு விரலையாவது துடைத்துக் காட்ட வேண்டும். "மொதலாளி பேஜாரு பண்றாரு" என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கேசட்டை இன்னும் போடுகிறேன். பேஸ் காதுக்கு வருவதில்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் விரலை வைத்தால் நகத்துக்கு அடியில் வந்து இடிக்கிறது. அப்படித் தொட்டுக் கேட்டால் நான் பயந்து ஓட்டமெடுக்கிற இடமெல்லாம் தெரிகிறது. அந்த இடத்திலெல்லாம் அவன் வந்து இழுத்து நிறுத்துகிறான். விரலை எடுக்காமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சும் அவன் வேகத்துக்கு வந்துவிடுகிறது.