சாமி முன்னால் ஒரு கள்ள ஆட்டம்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கீரப்பாளையத்துக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதம் என் பேத்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பா.

"என்னாங்க, பதிலே காணோம்?" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க சீட்டாடுறீங்களாம். சூதாடுற வூட்டுல எப்புடிப் பொண்ணு எடுக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை நாலு கிழவர்கள் டீக்காசு வைத்து மூணு சீட்டு ஆடுகிறோம்.

"அத அன்னைக்கே சொன்னேனே. சிரிச்சிக்கிட்டே ரெண்டாவது வடைய எடுத்தீங்களே!"

அவர் குரல் இறங்கியது. "கோயில்ல வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் ரெண்டு பொட்டலமா கட்டிப் போட்டோங்க. வெள்ளை வந்தா சரின்னு வேண்டிக்கிட்டோம். செவப்பு வந்துடுச்சி."

"ஒரு தடவதான் எடுத்தீங்களா?"

"மொதல்ல வெள்ளதான் வந்துச்சி. எங்க வூட்டம்மாவுக்கு மனசு ஒப்பல. மறுபடியும் எடுக்கச் சொன்னா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்டத்தில் வந்த சீட்டைப் பார்த்தபிறகு "கலைச்சிப் போடு" என்பவனை அன்றோடு ஆட்டத்தைவிட்டு விலக்கிவிடுவோம். இவர்கள் சாமி முன்னாலேயே கலைத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு பொட்டலத்தில் வைத்து ஆடியவருக்கு நான் சூதாடியாம்!

"வேணும்னா இன்னொருக்கா போட்டுப் பாக்கறோம்" என்றார்.

"ஒண்ணும் வேணாம். கள்ள ஆட்டம் ஆடுற வூட்டுல நாங்க பொண்ணு குடுக்கறதில்ல" என்று சொல்லி எழுந்து நின்றே வந்தேன்.

வீட்டில் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பையன் என்னா சொன்னானாம், தாத்தா?"

பஸ்ஸில் பேசியதில் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. கீரப்பாளையத்துப் பக்கம் இருப்பவர்கள், அவனுக்கு வாய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.